மில் சங்கு நின்ற பேட்டையில் வீடு பார்க்கிறவர்களுக்கு

புதுச்சேரிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது கடற்கரைப் பக்கம் வீடு கிடைக்குமா என்றுதான். மஞ்சள் சுவர், காகிதப்பூ, ‘ரூ’ என்று பிரெஞ்சில் ஆரம்பிக்கும் தெருப் பலகை. வாடகையைக் கேட்டதும் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 2021-இல் விழுப்புரத்திலிருந்து வந்த நானும் அப்படிக் கிளம்பியவன்தான். பிறகு ரயில் பாதையைத் தாண்டி, கடலூர் சாலையை ஒட்டி, முதலியார்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியேறினேன். இந்தப் பக்கத்தை இன்னும் பலர் ‘மில் ஏரியா’ என்றுதான் சொல்கிறார்கள். மில் ஓடுவதில்லை, சங்கும் ஊதுவதில்லை. ஆனால் சங்குச் சத்தத்தை வைத்துக் கட்டிய ஊர் அப்படியே இருக்கிறது. இங்கே வர நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதை ஒழுங்காகச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஊரின் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

இது வீண் வேலை இல்லை. இங்கே வழி கேட்டால் பாதிப் பேர் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். மூன்று மில்களுக்கும் இரண்டிரண்டு பெயர். மறைமலை அடிகள் சாலையில் இருக்கும் சுதேசி மில்லுக்குப் பழைய பெயர் சவானா மில். 1820களின் கடைசியில் தொடங்கியது, மூன்றில் அதுதான் மூத்தது. பாரதி மில் என்றால் கெப்ளே மில், 1892. ஏ.எப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) என்றால் ரோடியர் மில், 1898. எழுபது தாண்டியவர் ஒருவர் “ரோடியருக்குப் பின்னாடி சந்து” என்றால் ஏ.எப்.டி.க்குப் பின்னால் போங்கள். நான் முதல் வாரத்தில் ‘ரோடியர்’ என்பது யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீடு என்று நினைத்து அரை மணி நேரம் சுற்றினேன்.

நெசவு இங்கே மில்லோடு வந்ததும் இல்லை. தெற்கே அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகள் என்றுதான் ஆய்வாளர்கள் கணித்தார்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துப் பழசு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கிருந்து ‘கினே’ என்ற நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே பிசின் வாங்க அந்தத் துணிதான் பணம்போலக் கைமாறியது. அவுரிச் சாயம் போட்ட புதுச்சேரித் துணிக்கு சகாரா ஓரத்தில் மவுசு என்றால் இன்றைக்கு நம்ப முடிகிறதா?

1936 ஜூலை 30 தேதியையும் நினைவில் வையுங்கள். வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அடுத்த வருஷமே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. தொழிலாளர்களைத் திரட்டியவர் வ. சுப்பையா. ரயில் நிலையம் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்தான். ஒவ்வொரு ஜூலை 30-லும் கொடி, ஊர்வலம், அஞ்சலி எல்லாம் நடக்கும். அன்றைக்குச் சாமான் ஏற்றிய வண்டியோடு வராதீர்கள் என்பது என் நடைமுறை அறிவுரை. சுதேசி மில் எதிரே மற்ற நாட்களிலும் ஏதாவது ஒரு கட்சி ஆர்ப்பாட்டம் நடத்திக்கொண்டிருக்கும். பழகிவிடும்.

மில்கள் மூடிய கதை சுருக்கமாக: தனியார் கை, அரசுக் கை, நஷ்டம். 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயல் ஏ.எப்.டி.யை ஒரு உலுக்கு உலுக்கியது. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அது நிரந்தரமாக மூடப்பட்டது.

இங்கே ஏன் வரவேண்டும்

மூன்று ஷிப்ட் ஓடிய ஊர் இது. விடிவதற்கு முன்னே ஒரு கூட்டம் மில்லுக்குள் போகும், இன்னொரு கூட்டம் வெளியே வரும். ஆளுக்கு ஒரு சைக்கிள், பலருக்கு அதுவும் கிடையாது. சங்கு ஊதியதும் நடந்தே கேட்டுக்குள் போய்விடும் தூரத்தில் வீடு இருந்தாக வேண்டும். அதனால் வீடுகள் நெருக்கம், சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று. கடை, டாக்டர், தையல், சலூன், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் நாலு தெருவுக்குள். நான் வாடகை கொடுப்பது இந்த நெருக்கத்துக்குத்தான். மாதத்தில் பத்து நாள் வண்டியையே எடுப்பதில்லை. காலை நாலரைக்கு டீ வேண்டுமென்றால் இந்தப் பேட்டையில் கிடைக்கும். ஷிப்ட் போய்விட்டது, அடுப்பு மூட்டுகிற நேரம் மட்டும் மாறவில்லை. சென்னைக்கு ரயில் பிடிப்பவர்களுக்கும் அதிகாலையில் மீன் எடுக்கத் தேங்காய்த்திட்டு துறைமுகம் போகிறவர்களுக்கும் அது வசதி.

இன்னொன்று, ரயில் நிலையம் நடக்கிற தூரம். விழுப்புரத்துக்கு இந்தப் பாதை 1879-இல் போட்டது. கடலூருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வாசலிலேயே கடலூர் பஸ், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர்தான். ஊருக்குள் போக டெம்போ ஓடுகிறது. மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் என்று கத்திக்கொண்டே வருவார்கள், கை நீட்டினால் நிற்பார்கள். எத்தனை பேர் உட்காரலாம் என்ற கணக்கு மட்டும் டிரைவருக்கே வெளிச்சம்.

குறை இல்லாமலா? இடம் குறுகல். தனிமை விரும்பிகளுக்கு இது ஆகாது. உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று எதிர்வீட்டுக்குத் தெரியும். சாராயக்கடையும் ஒயின் ஷாப்பும் புதுச்சேரியில் எங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அதனால் வீட்டைப் பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சந்தில் இரண்டு முறை நடந்து பாருங்கள். உங்கள் மனைவியும் நடந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

எந்த மாதத்தில் தேடுவது

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். காலியான போர்ஷன் காலியாகவே கிடக்கும், வீட்டுக்காரர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். பேரம் பேச அதுதான் நேரம். ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னரே வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் தேர் அது. அன்றைக்குக் கடலூர் சாலையில் வீடு பார்க்கக் கிளம்பினால் தேர்தான் பார்ப்பீர்கள்.

ஆனால் ஆடியில் தெரியாத ஒன்று ஐப்பசியில் தெரியும். அதுதான் அடுத்தது.

தண்ணீர்: வரவேண்டியதும் வரக்கூடாததும்

வரக்கூடாததை முதலில் சொல்கிறேன். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஊரே மிதந்தது. அதற்கடுத்த மாதம் என் தங்கை குடும்பத்துக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். ஒரு புரோக்கர் தரைத்தள வீடு ஒன்றைக் காட்டினார். “சார், இங்க சொட்டுத் தண்ணி ஏறல.” வீடு பளிச்சென்று இருந்தது. சுவரைப் பார்த்தேன். முழங்கால் உயரம் வரை ஒரு வெள்ளை, அதற்கு மேல் கொஞ்சம் பழுத்த வெள்ளை. கதவின் அடிப்பலகை உப்பிப்போய் நிலையில் இடித்தது. பக்கத்துப் போர்ஷனை எட்டிப் பார்த்தால் பீரோவின் நாலு காலுக்கு அடியிலும் இரண்டிரண்டு செங்கல். அங்கிருந்த அம்மாவிடம் எதுவும் கேட்கவே இல்லை. செங்கல்லைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

புரோக்கர் சொல்வதைவிடப் பீரோவின் கால் சொல்வதை நம்புங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் மேடை கட்டியிருக்கிறதா, பிளக் பாயின்ட் இடுப்புக்கு மேல் மாற்றியிருக்கிறார்களா, மீட்டர் பெட்டி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வாய்க்கால் ஓரம் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். வீட்டு வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்திக்கொண்டே போனதில் பழைய ஓட்டு வீடுகள் பல பள்ளத்தில் இறங்கிவிட்டன.

இனி வரவேண்டிய தண்ணீர். கடலோர ஊர் என்பதால் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. குழாயின் வாயில் வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். இல்லாவிட்டால் கையோடு ஒரு சோப்புத்துண்டு கொண்டு போங்கள், நுரைக்கிறதா பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி “தண்ணீர் நல்லா இருக்குமா” என்பது இல்லை, எல்லோரும் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார்கள். “நீங்க சோறு எந்தத் தண்ணியில வடிக்கிறீங்க?” என்று கேளுங்கள். கேன் தண்ணீர் என்றால் மாதம் எத்தனை கேன் என்று கணக்குப் போட்டு வாடகையோடு சேருங்கள். பொதுப்பணித் துறைத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சம்ப் இருக்கிறதா, மோட்டார் சுவிட்ச் யார் கையில் என்பதையும் கேட்டுவிடுங்கள். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில் இருந்தால் கீழ்வீட்டோடு சண்டை போடக்கூடாது, அவ்வளவுதான்.

வீட்டை எப்படித் தேடுவது

இணையத்தில் தேடினால் நூறடிச் சாலைப் பக்கத்து அப்பார்ட்மென்ட்தான் வரும். மில் ஏரியாச் சந்துகளில் இருக்கும் போர்ஷன்கள் அதில் ஏறுவதே இல்லை. வாசலில் சாக்பீஸால் ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதியிருக்கும், அல்லது அதுவும் இருக்காது. இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் யார் காலி செய்கிறார்கள் என்பது அவருக்கு வீட்டுக்காரருக்கு முன்னாலேயே தெரியும். பால் போடுகிறவர் அடுத்தது. புரோக்கர் கடைசி, அவருக்கு ஒரு மாத வாடகை போய்விடும்.

புரோக்கர் “மில் இடத்துல பெரிசா ஒண்ணு வருது சார், அப்புறம் இந்த வாடகைக்குக் கிடைக்காது” என்பார். ஆளுக்கொன்று சொல்வார்கள். மில் மூடியதிலிருந்து இந்தப் பேச்சு இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தது, பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது ஏ.எப்.டி. திடலில் தற்காலிக நிலையம் நடந்ததுதான். வரப்போவதற்காக வாடகை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஓட்டு வீடு கிடைத்தால் விடாதீர்கள் என்று சொல்ல ஆசை. உயரமான கூரை, சுண்ணாம்புக் காரைச் சுவர், சித்திரையிலும் பகலில் மின்விசிறி போதும். ஆனால் ஓடு மாற்றுகிற ஆள் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. ஒரு மழைக்கு மூன்று இடத்தில் பாத்திரம் வைக்கவேண்டி வரும். வீட்டுக்காரர் வருஷா வருஷம் ஓடு பிரித்து அடுக்குகிறாரா என்று தெரிந்துகொண்டு எடுங்கள். மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம் போட்ட வீடென்றால், உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் கரையான்.

வீட்டுக்காரரிடம் பேசுவது

இந்தப் பகுதியில் வீட்டுக்காரர் பழைய மில் தொழிலாளியாக இருக்க நிறைய வாய்ப்பு. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், தறிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம். முதல் நாள் கீழே நின்று “ஐயா, வாடகை எவ்வளவு?” என்று மூன்று முறை கேட்டேன். பதில் இல்லை. கோபக்காரர்போல என்று திரும்பினேன். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, “முன்னால வந்து நின்னு பேசுப்பா, தறிச் சத்தத்துல காது போயிடுச்சு அவருக்கு. வாயப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவாரு” என்றார். எதிரே போய் நின்றேன். பேசாமல் உதட்டை மட்டும் அசைத்தேன், வேண்டுமென்றே. “அஞ்சு மாசம் அட்வான்ஸ், கரன்ட் தனி” என்று தெருவே கேட்கப் பதில் வந்தது. கூடத்தில் ஒருவருக்கொருவர் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம், நூறு தறி ஓடும் இடத்தில் வாய்விட்டுப் பேசி என்ன புண்ணியம் என்றார்.

ஆகவே பெரியவர்களிடம் எதிரே நின்று, நிதானமாக, முகம் தெரியப் பேசுங்கள். மில் மூடியதைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். நிலுவை, பணிக்கொடை, கோர்ட், சங்கம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அவராக எடுத்தால் டீ ஆறும்வரை கேளுங்கள். என் வீட்டு அம்மா பொங்கலுக்கு மட்டும் பீரோவிலிருந்து எடுக்கும் ஒரு போர்வை இருக்கிறது, கோடு போட்ட மில் போர்வை. விரித்து ஒரு ஓரத்தைக் கையில் கொடுப்பார். அப்படியொரு கனம். முப்பது வருஷமாகத் துவைத்தும் நூல் பிரியவில்லை. “இது அவர் தறி” என்பார். எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், பதினோரு மாதம் போதும். அட்வான்ஸ் தொகை, திரும்பத் தருவதற்கு எத்தனை நாள், வெள்ளை அடிக்கப் பிடிப்பது எவ்வளவு என்பதையெல்லாம் அதில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு முன்பு வேறொரு வீட்டில் ‘வாய்ப்பேச்சு போதும்’ என்று நம்பியதில் பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகை போனது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மாநிலம் வேறு. கரன்ட் பில் இங்கே மாதாமாதம். தமிழ்நாட்டில்போல இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்ற கணக்கு இங்கே செல்லாது. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்திருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று முன்னாலேயே பேசுங்கள்.

ரேஷன் கார்டு மாற்ற, பழைய ஊரில் பெயர் நீக்கிய சான்று வேண்டும். இங்கே சிவப்பு கார்டு, மஞ்சள் கார்டு என்று இரண்டு வகை. சிவப்பு வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்துக்கொண்டால் சட்டப்படி புதுச்சேரி எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். தடையில்லாச் சான்றைப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள், பிறகு அதற்கென்று ஒருநாள் லீவு போடவேண்டாம்.

பிள்ளைகள் இருந்தால் இதைக் கவனியுங்கள்: புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2024-25 கல்வியாண்டு முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். இங்கத்திய இட ஒதுக்கீட்டுக்குக் குடியிருப்புச் சான்று வேண்டும், அதற்கு ஐந்து வருஷம் தொடர்ந்து இங்கே இருந்த ஆதாரம் கேட்பார்கள். முதல் மாதத்திலிருந்தே வாடகை ரசீது, கேஸ் பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மருத்துவத்துக்குக் கவலை இல்லை. பெரிய விஷயமென்றால் கோரிமேடு ஜிப்மர், ஆனால் ஊரின் அந்தக் கோடி. அவசரத்துக்கு அரசு பொது மருத்துவமனை பக்கம்.

சாமான் வரும் நாள்

கடலூர் சாலையில் ஏ.எப்.டி. ரயில்வே கேட் இருக்கிறது. அது மூடினால் இரண்டு பக்கமும் வண்டி கட்டிவிடும். கேட் கீப்பரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ரயில் வந்துபோகும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதிகாலையில் வண்டி ஏற்றுங்கள். லாரி பேசாதீர்கள், சந்துக்குள் குட்டியானைதான் நுழையும். அதுவும் பின்னால் எடுத்துத்தான் நுழையும். முதல் நாளே போய் எதிர்வீட்டுக்காரரிடம், “அண்ணே, நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் பைக்கைத் தள்ளி வெச்சுக்க முடியுமா?” என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டால் பைக்கைத் தள்ளுவதோடு பீரோவுக்கு ஒரு கையும் கொடுப்பார்.

மாடிப்படி குறுகல். மில்காரர்கள் வீட்டில் இரட்டைக் கட்டில் ஏறியதில்லை, அதற்கு அளவெடுத்து யாரும் படி கட்டவில்லை. கட்டிலைக் கிளம்பும் இடத்திலேயே கழற்றிக் கட்டுங்கள், திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையவை நாலு திருகாணி இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கால் இப்போது இரண்டு செங்கல் மேல் நிற்கிறது.